கொண்டை கட்டும் கள்ளிகள்

மமிலேரியா எலாங்கேட்டா என்றொரு கள்ளி உண்டு. மெக்சிகோவின் இதால்கோ, கெரெத்தாரோ மாநிலங்களின் மலைச்சரிவுகள்தான் அதன் சொந்த மண். விரல் தடிமனில் நீள நீளமான தண்டுகள், அவற்றோடு படிந்த பொன்னிற முட்கள், எல்லாம் ஒரு கொத்தாக நிற்கும். இதே கள்ளியின் இன்னொரு உருவத்தையும் நர்சரிகளில் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அதில் விரல் போன்ற தண்டு ஒன்றுகூட இருக்காது. தட்டையான ஒரு வரப்பு மடிந்து, வளைந்து, தன்னையே சுற்றிக்கொண்டு கிடக்கும். 'பிரெய்ன் கேக்டஸ்' என்று பெயர் எழுதி விற்பார்கள். முள் அதே முள், நிறம் அதே நிறம், பூத்தால் பூவும் அதே பூ. வளர்ந்த விதம் மட்டுமே வேறு.

இப்படிக் கொண்டை கட்டுகிற கள்ளிகளுக்கும் பல தலை விடுகிற கள்ளிகளுக்கும் உலகெங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். சாதாரணச் செடியைவிடப் பல மடங்கு விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். ஆனால் விநோதம் என்று வியப்பதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு செடி எப்படி வளர்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு இந்த உருவங்கள் சொல்கிற விடையைக் கேட்க வேண்டும். அது புரிந்துவிட்டால், இவற்றை எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது, ஏன் இவை எளிதில் அழுகுகின்றன, ஏன் விதையில் வருவதில்லை என்ற தோட்டக் கேள்விகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும்.

நுனியில் நடக்கும் கணக்கு

கள்ளியின் உச்சியில், இளம் முட்களும் பஞ்சும் மூடிய சின்னக் குழிவுக்குள் நுனி ஆக்குத்திசு இருக்கிறது. தண்டு, முள், பூ எல்லாவற்றுக்கும் பிறப்பிடம் அதுதான். வடிவத்தில் அது ஒரு நுண்ணிய குவிமாடம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் அதன் அகலம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கள்ளிகளின் ஆக்குத்திசு இதைவிட மிகப் பெரியது. பருத்த பீப்பாய்க் கள்ளிகளில் 1 மில்லிமீட்டரையும் தாண்டும்.

குவிமாடத்தின் நடுவில் இருக்கும் செல்கள் நிதானமாகப் பிரிகின்றன. அவை எந்த உறுப்பாகவும் மாறாமல் இளமையாகவே இருக்கின்றன. பிரியப் பிரிய ஓரத்துக்குத் தள்ளப்படும் செல்கள்தான் தண்டாகவும் முள்ளாகவும் முதிர்கின்றன. இதில் வரவும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும். இளம் செல்கள் மிஞ்சினால் நுனி பருத்துவிடும். குறைந்தால் செடியின் வளர்ச்சியே நின்றுவிடும்.

இந்தச் சமநிலையை இரண்டு மரபணுக்கள் காக்கின்றன. ஒன்றின் பெயர் வூஷெல். நடுச் செல்களை இளமையாக வைத்திருப்பது அதன் வேலை. அந்த இளம் செல்கள் கிளாவாட்டா-3 என்ற மரபணுவின் வழியாக ஒரு சிறு புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. கிளாவாட்டா-1 என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டதும் வூஷெலின் வேகம் மட்டுப்படுகிறது. இளம் செல்கள் கூடினால் அடக்கும் சமிக்ஞையும் கூடும். குறைந்தால் சமிக்ஞையும் குறையும். கிளாவாட்டா-1 மரபணுவை 1997-லும் கிளாவாட்டா-3 மரபணுவை 1999-லும் இனங்கண்டது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இயங்கிய எலியட் மேயரோவிட்ஸின் குழு. வூஷெலை 1998-ல் இனங்கண்டது ஜெர்மனியில் தாமஸ் லாக்ஸின் குழு.

கிளாவாட்டா மரபணு பழுதான அராபிடாப்சிஸ் செடியில் நுனி அடங்காமல் பருக்கிறது. தண்டு தட்டையாகிறது, பூவின் பாகங்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன. இது ஆய்வுக்கூடத்துச் சங்கதி மட்டுமன்று. காட்டுத் தக்காளியைக் குறுக்கே அரிந்தால் உள்ளே இரண்டே அறைகள் இருக்கும். சந்தையில் கிடைக்கும் பெரிய, வரிவரியாகப் புடைத்த தக்காளியில் அறைகள் பல. இந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் கிளாவாட்டா-வூஷெல் ஏற்பாட்டின் தளர்வுதான் என்று அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர் 2015-ல் விரிவாக விளக்கினார்கள்.

நுனி அகன்று போவதற்கு நம் கண்முன்னே இருக்கும் உதாரணம் கோழிக்கொண்டைப் பூ. வயல் வரப்புகளில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையின் பூ மெலிந்த கதிராக நிமிர்ந்து நிற்கும். அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்ததுதான் கோழிக்கொண்டையும். கதிரின் நுனி அகலத்தில் விரிந்து மடிந்ததால் வந்த உருவம் அது. அதன் விதையைத் தூவினால் மறுபடியும் கொண்டையே வரும். கள்ளியின் கொண்டை அப்படியில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது செடியைப் பெருக்கத் தொடங்கும்போது தெரியும்.

புள்ளியிலிருந்து கோடு

சாதாரணக் கள்ளியின் வளர்நுனி ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்தால் உருளையோ பந்தோதான் கிடைக்கும். கொண்டைக் கள்ளியில் அந்தக் குவிமாடம் ஒரு திசையில் மட்டும் நீண்டு கோடாகிவிடுகிறது. கோட்டின் நெடுகிலும் ஒரே சமயத்தில் வளர்ச்சி நடப்பதால் தண்டு விசிறியாக விரிகிறது.

கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். சாதாரண மமிலேரியாவின் தலையைப் பார்த்தால் முள் தாங்கும் குமிழ்கள் வலப்புறமாகவும் இடப்புறமாகவும் சுருள் சுருளாகச் சுற்றிக் கீழிறங்கும். இருபக்கச் சுருள்களையும் எண்ணினால் 8, 13, 21 என்று ஃபிபொனாச்சி வரிசையின் எண்கள் வரும். கொண்டையில் இந்த ஒழுங்கு உடைந்துவிடும். உச்சியின் நெடுகிலும் வாரிய தலையில் வகிடு எடுத்தாற்போல மெல்லிய கோடு ஒன்று ஓடும். அங்கே முட்கள் மிகச் சிறியவை, வெளிறியவை, நெருக்கமானவை. வகிட்டின் இரு பக்கமும் குமிழ்கள் வரிசையாகச் சரிந்து இறங்கும். கொண்டைக் கள்ளியின் உயிர் அந்த வகிட்டில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள சதை அதைத் தாங்குகிறது, அதற்குத் தண்ணீரும் உணவும் சேர்த்துவைக்கிறது.

விசிறி எதற்காக மடிய வேண்டும்? ஆண்டுக்காண்டு வகிடு நீண்டுகொண்டே போகும். அடித்தண்டின் அகலமோ அந்த அளவுக்குக் கூடாது. விளிம்பு நீளமாகவும் அடி குறுகலாகவும் இருந்தால் விளிம்பு தட்டையாக நிற்க இடம் போதாது. வளைந்துதான் ஆக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கிழித்தால், கிழிந்த ஓரம் இழுபட்டு நீண்டு அலையலையாக நெளிவதைக் காணலாம். அந்த நெளிவுகளை அளந்து, இலை விளிம்புகளின் சுருக்கத்துக்கும் இதே வடிவியல்தான் காரணம் என்ற விளக்கத்துக்கு எரான் ஷரோனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 2002-ல் 'நேச்சர்' இதழில் வழி திறந்தார்கள். பிரெய்ன் கேக்டஸின் மடிப்புகளும் இந்தக் கணக்கின் விளைவே. நெளிவுக்கென்று தனியாக ஒரு கட்டளை தேவையில்லை. விளிம்பு வேகமாக வளர்ந்தாலே போதும்.

பல தலைகள், பல காரணங்கள்

பல தலை கொண்ட கள்ளிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. மமிலேரியா பார்க்கின்சோனை போன்ற சில இனங்களில் ஒரே நுனி இயல்பாகவே இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் பின்னர் நான்காகும். அதில் பழுது ஏதுமில்லை, அந்த இனத்தின் குணமே அது. வேறு பல கள்ளிகள் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் குட்டி விட்டுப் புதராகும். மூன்றாவது வகையை 'மான்ஸ்ட்ரோஸ்' என்கிறார்கள். அதில் வளர்நுனி கோடாக நீள்வதில்லை. ஒழுங்கற்று இங்கும் அங்கும் பல நுனிகள் எழும்பி, தண்டு முண்டும் முடிச்சுமாகத் திரளும். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலிருந்து வந்த டோட்டெம் கம்பக் கள்ளி இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அதன் மூல இனத்துக்கு நேரான வரம்புகளும் முட்களும் உண்டு. இதற்கோ வரம்பும் இல்லை, முள்ளும் ஏறக்குறைய இல்லை. மெழுகை உருட்டி வைத்தாற்போல வழவழப்பாக உயர்கிறது. இன்று உலகத் தோட்டங்களில் நிற்பவை துண்டு நட்டுப் பெருக்கியவை.

கொண்டை ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. உறைபனி, பூச்சிக்கடி, வெட்டுக்காயம் எதுவானாலும் நுனியின் நடுப்பகுதி சிதைந்தால், மிஞ்சிய செல்கள் தங்களைத் திரும்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும்போது புள்ளி கோடாகிவிடலாம். ஒரே நுனியில் எங்கோ ஒரு செல்லில் மரபணு மாற்றம் நேர்ந்து பரவியிருக்கலாம். விதையிலிருந்து முளைக்கும்போதே கொண்டையாக வரும் நாற்றுகளும் அபூர்வமாக உண்டு.

நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. ரோடோகாக்கஸ் ஃபாசியன்ஸ் என்ற பாக்டீரியா சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து, பல செடிகளில் தளிர்களைக் கொத்துக் கொத்தாக எழுப்புகிறது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவரற்ற பாக்டீரியாக்கள் தாவரத்தின் உணவுக் குழாய்க்குள்ளேயே வாழ்ந்து கிளைப்பைக் கூட்டுகின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் சிவந்த இலைகளோடு தொட்டியில் விற்கப்படும் பாயின்செட்டியா அடர்ந்து கிளைப்பதற்குக் காரணம் ஒரு ஃபைட்டோபிளாஸ்மாவே என்று 1997-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அழகுக்காக விரும்பி வாங்கும் ஒரு செடியின் வடிவம், உண்மையில் ஒரு தொற்றின் வடிவம். ஒட்டுக் கட்டினால் அடுத்த செடிக்கும் அது பரவும். ஆகவே இலை, முள், நிறம் எல்லாம் சோகையாக இருக்கும் பல தலைச் செடியிலிருந்து துண்டு எடுத்து மற்றவற்றோடு ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

காட்டில் கொண்டை விடும் கள்ளிகளில் யாரும் மறக்க முடியாதது சகுவாரோ. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோராவிலும் உள்ள பாலைநிலத்தின் ராட்சதக் கள்ளி அது. முதல் 8 ஆண்டுகளில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது. கை விடுவதற்கே 50 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். பிறகு 40 அடிக்கு மேலும் உயர்ந்து 150 ஆண்டுகளுக்கும் மேலாக வாழும். மிக அரிதாக ஒரு சகுவாரோவின் உச்சி விசிறியாக விரிந்துவிடுகிறது. டூசான் நகரை ஒட்டிய சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் இப்படி 25-க்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. காரணம் மரபணு மாற்றமா, மின்னலா, உறைபனியா என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒருமனதாக இல்லை. ஆனால் அந்தக் கொண்டையின் விளிம்பிலும் வெள்ளைப் பூக்கள் மலர்கின்றன, பழம் பழுக்கிறது. கொண்டை ஒரு சாவு நோய் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

விதையை நம்ப முடியாது

சாகுபடி என்று வந்தால் முதலில் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று. கொண்டைக் கள்ளியின் விதையிலிருந்து பெரும்பாலும் சாதாரணக் கள்ளியே முளைக்கும். காயத்தால் வந்த கொண்டையில் விதைக்குக் கடத்த எதுவுமே இல்லை. மரபணு மாற்றத்தால் வந்ததானாலும், மாற்றம் நிகழ்ந்த செல்களிலிருந்துதான் பூ உருவாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே ஒரு கொண்டையைப் பெருக்க நமக்கிருக்கும் வழி, அதன் வகிட்டின் ஒரு பகுதியை உயிரோடு வெட்டி எடுத்து வேறிடத்தில் வாழவைப்பதுதான். வகிடு இல்லாத அடிச்சதையை நட்டால், அதிலுள்ள முள்மெத்தைகளிலிருந்து சாதாரணக் குட்டிகள் வரலாம். கொண்டை வருவது நிச்சயமில்லை.

கொண்டையல்லாத, பல தலை கொண்ட செடி வேண்டுமென்றால் வேலை எளிது. கள்ளியில் முள் முளைக்கும் ஒவ்வொரு பஞ்சு மெத்தையும் உண்மையில் ஒரு குறுங்கிளை. அதற்குள் ஒரு மொட்டு உறங்குகிறது. தலைமை நுனி கீழே அனுப்பும் ஆக்சின் ஹார்மோன் அந்த மொட்டுகளை விழிக்க விடாது. உச்சியைக் கூரிய கத்தியால் சீவிவிட்டால் அந்தத் தடை நீங்கும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள், வெட்டுக்கு அருகிலுள்ள மெத்தைகளிலிருந்து குட்டிகள் எழும்பும். சீவிய தலையையும் வீணாக்க வேண்டாம். காயம் ஆறவிட்டு நட்டால் அதுவும் ஒரு செடி.

துண்டு நடுதல்

மமிலேரியா எலாங்கேட்டாவின் கொண்டை சொந்த வேரிலேயே எளிதாக வளரும். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. மழையில்லாத, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்கள் நம் ஊர்களில் இதற்கு நல்ல காலம். சவரப் பிளேடையோ மெல்லிய கத்தியையோ ஸ்பிரிட்டால் துடைத்து, வகிடு முழுதாக மேலே இருக்கும்படி மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டை வெட்ட வேண்டும். தாய்ச்செடியின் வெட்டுக்காயத்திலும் துண்டின் காயத்திலும் கந்தகத் தூள் தூவலாம். பிறகு துண்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வெறுமனே வைத்திருக்க வேண்டும். காயம் காய்ந்து தோல்போல இறுகுவதற்குள் நட்டால் அழுகல் உறுதி.

கலவையில் பாதிக்கு மேல் பருமணல், செங்கல் பொடித்துண்டு, பியூமிஸ் அல்லது பெர்லைட் இருக்கட்டும். மக்கிய உரம் கொஞ்சம் போதும். துண்டைப் புதைக்கக் கூடாது. காயம்பட்ட அடி மட்டும் கலவையைத் தொட, இரு பக்கமும் கூழாங்கல் வைத்து நிறுத்த வேண்டும். வேர் விடும்வரை தண்ணீர் மிகக் குறைவு. மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும் நாளிலிருந்து முறையாக ஊற்றலாம்.

ஒட்டுக் கட்டுதல்

பல கொண்டைகளுக்குச் சொந்த வேர் போதாது. அவற்றின் வளர்ச்சி மெதுவாக இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் வடிவியல்தான். விளிம்பு நீண்டு நெளியும்போது மடிப்புகள் கீழே வளைந்து மண்ணைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் ஈரம் தங்கும், அங்கிருந்து அழுகல் ஏறும். உயரமான வேர்ச்செடியின் மேல் ஒட்டிவிட்டால் விளிம்பு காற்றில் தொங்கலாம். வலுவான வேரும் கிடைக்கும்.

நம் வெப்பத்துக்கு எளிதில் கிடைக்கும் வேர்ச்செடி டிராகன் பழச் செடி. முக்கோணத் தண்டு கொண்ட அதுவும் ஒரு கள்ளியே. துண்டு நட்டால் விரைவில் வேர் பிடிக்கும், தண்ணீரையும் தாங்கும். குளிரைத்தான் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ட்ரைகோசீரியஸ் வகைத் தூண் கள்ளிகளே ஏற்றவை. நீண்ட ஆயுள் வேண்டுபவர்கள் சமவெளியிலும் தூண் கள்ளிகளையே விரும்புகிறார்கள்.

வெட்டுவதற்குச் சில நாள் முன்பு வேர்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி அதைச் சாறுள்ளதாக்க வேண்டும். மரத்துப்போகாத இளம் பகுதியில் அதைக் குறுக்கே வெட்டினால், பச்சைச் சதையின் நடுவில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். நீரும் உணவும் போகும் குழாய்களின் வளையம் அது. விளிம்பின் மூலைகளைச் சாய்வாகச் சீவிவிட வேண்டும். காரணம், காயும்போது உள்சதை சுருங்கும்; கடினமான தோல் அந்த அளவுக்குச் சுருங்காது. சீவாமல் விட்டால் நடுவில் குழி விழுந்து, ஒட்டிய துண்டு மேலே தூக்கிக்கொள்ளும். மேற்பரப்பு காயாதிருக்க, இறுதியாக ஒரு மெல்லிய வில்லையைச் சீவி, துண்டு தயாராகும்வரை அதை மூடிபோல அங்கேயே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

கொண்டையிலிருந்து வகிட்டோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டை எடுத்து அடியைத் தட்டையாக வெட்டினால், அங்கே வளையம் தெரியாது. தண்டு தட்டையாகிவிட்டதால் குழாய்களும் நீளவாக்கில் ஒரு பட்டையாக அமைந்திருக்கும். வளையத்தின் மேல் வளையத்தைப் பொருத்தும் வழக்கமான முறை இங்கே செல்லாது. பட்டை, வேர்ச்செடியின் வளையத்தை இரண்டு இடங்களில் குறுக்கே வெட்டிச் செல்லும்படி துண்டை வைக்க வேண்டும். ஒட்டு பிடிக்குமா பிடிக்காதா என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சந்திப்புதான்.

மூடியாக வைத்த வில்லையை எடுத்துவிட்டு, துண்டை வைத்து லேசாகத் தேய்த்து அழுத்தினால் இடையிலுள்ள காற்றுக் குமிழ்கள் வெளியேறும். வகிட்டின் மேல் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, தொட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்ட வேண்டும். ரப்பர் நேராக வகிட்டில் பட்டால் இளம் திசு நசுங்கிவிடும்.

அதன்பிறகு வேலை செடியுடையது. வெட்டுப்பட்ட செல்கள் இறந்து மெல்லிய படலமாகின்றன. இரு பக்கமும் உயிரோடிருக்கும் சதைச்செல்கள் பிரிந்து, அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அந்தப் புதுத் திசுவுக்குள் குழாய்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற அடுக்கு உருவாகி, மேலும் கீழும் உள்ள குழாய்களை இணைக்கிறது. நிழலில், வெட்டில் தண்ணீர் படாமல், ஒன்றிரண்டு வாரம் விட்டு ரப்பரைக் கழற்றலாம். சில வாரங்களில் வகிட்டில் புது முட்கள் பளிச்சென்று தெரிந்தால் இணைப்பு பிடித்துவிட்டது.

வகிட்டைக் காப்பது

வளர்ப்பில் கவனமெல்லாம் வகிட்டின் மேலேயே இருக்க வேண்டும். மடிப்புகளில் நீர் தேங்காதபடி எப்போதும் அடியில்தான் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரை அவசியம். மழை பட்டே தீரும் என்றால் தொட்டியைச் சாய்த்து வைக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் இளம் விளிம்பு வெந்துபோகும். நிழல்வலைக்கு அடியில் வைப்பது நல்லது. மாவுப்பூச்சிக்கு இந்த மடிப்புகளைவிடப் பாதுகாப்பான ஒளிவிடம் கிடையாது. மடிப்புகளுக்குள் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால், அது செடியின் பஞ்சா பூச்சியின் பஞ்சா என்று குச்சியால் தொட்டுப் பார்க்க வேண்டும். பூச்சியென்றால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு முனையால் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

வெளியிலிருந்து வரும் ஆபத்துகளைப் போலவே செடிக்குள்ளிருந்தும் ஒன்று வரும். கொண்டையின் பக்கத்திலிருந்து திடீரென்று சாதாரணத் தண்டொன்று, விரல்போல, ஒழுங்கான சுருள்களோடு எழும்பும். செடி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் முயற்சி அது. பார்க்க ஆசையாக இருந்தாலும் விட்டுவைக்கக் கூடாது. புள்ளியாக வளரும் நுனி கோடாக வளரும் விளிம்பைவிட வேகமானது. உணவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாளாக ஆகக் கொண்டை நின்றுபோய்ச் சாதாரணத் தண்டுகள் மட்டும் மிஞ்சும். தலைகாட்டிய உடனே அடியோடு வெட்டி எடுத்து, வேண்டுமானால் தனியே நடலாம்.

கடையில் பார்க்கும் கொண்டைகள்

'கோரல் கேக்டஸ்' என்ற பெயரில் பச்சையும் இளஞ்சிவப்புமாக அலையலையாக விரியும் செடி ஒன்று விற்பனைக்கு வருகிறது. அது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. யூஃபோர்பியா லாக்டியா என்ற செடியின் கொண்டையை, நம் வேலிகளில் காணும் இலைக்கள்ளியின் மேல் ஒட்டியது. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி ஆகிய மூன்றும் யூஃபோர்பியாக்கள். உண்மையான கள்ளிகளில் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற தொங்கு கள்ளி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. அது ஒன்று நீங்கலாக மற்றவை அனைத்தும் இயற்கையாக வளர்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. யூஃபோர்பியாவை வெட்டினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வடியும் பாலைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்.

சிவப்பு, மஞ்சள் பந்துகளாக விற்கும் 'மூன் கேக்டஸ்' கொண்டை அன்று. ஆனால் அதுவும் ஒட்டில்தான் வாழ்கிறது. 1941-ல் ஜப்பானின் எய்ஜி வாதனபே தன் நாற்றுகளிடையே சிவந்தவற்றைக் கண்டெடுத்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. பச்சையம் இல்லாததால் அது தானாக உணவு தயாரிக்க முடியாது. அடியிலுள்ள பச்சைச் செடி ஊட்டினால்தான் உண்டு. அதன் சிவப்புக் குட்டியைக் கிள்ளி மண்ணில் நட்டால் பிழைக்காது.

வாங்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: செடி எங்கிருந்து வந்தது? 2015-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்து, 31 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கி நகர்வதாகக் கண்டது. சேகரிப்பாளர்களின் ஆசையும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன. செயற்கையாகப் பெருக்கி, செயற்கையாகப் பெருக்கிய இலைக்கள்ளியில் ஒட்டிய யூஃபோர்பியா லாக்டியாவின் கொண்டைகளுக்கு அந்த உடன்படிக்கை பெயர் சொல்லியே விலக்கு அளிக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததையும் கையால் பெருக்கியதையும் சட்டமே இப்படிப் பிரித்துப் பார்க்கிறது. சகுவாரோ தேசியப் பூங்காவில் திருட்டைத் தடுக்கக் கள்ளிகளுக்குள் மின்னணுச் சில்லுகளைப் பதித்திருக்கிறார்கள். வளர நூறாண்டு எடுத்துக்கொண்ட ஒரு செடியைப் பிடுங்கி முற்றத்தில் நடுபவரிடம் அது பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

பெருக்கக் கற்றுக்கொண்டவருக்குக் காட்டுச் செடி தேவைப்படாது. ஒரு நல்ல கொண்டையிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு துண்டுகள் எடுத்தாலே சில ஆண்டுகளில் ஒரு ஊருக்குப் போதுமான செடிகள் தேறும். விதையில் தொடராத ஒரு வடிவம், அதை வெட்டி நட்டுக் கைமாற்றுபவர்கள் இருக்கும்வரை மட்டுமே உலகில் இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே ஒருவரிடம் இருக்கும் கொண்டை ஒரு மழைக்கால அழுகலில் போய்விடலாம். அதனால் இதை வளர்ப்பவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்களிடமுள்ள கொண்டை ஒரு துண்டுக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்ததும், அதை வெட்டி ஒட்டுங்கள். பிடித்ததும் அக்கறையுள்ள இன்னொருவரிடம் கொடுங்கள். என்றைக்காவது உங்கள் செடி போய்விட்டால், திரும்பக் கேட்பதற்கு ஒரு வீடு இருக்கும்.